விழாத கோடு

தறிக் கூலி மீட்டர் கணக்கு. தறியில் நின்று மூன்று வருடம் ஆனவனுக்கும் முப்பது வருடம் ஆனவருக்கும் மீட்டர் ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். விசைத்தறி ஊரான பொதட்டூர்பேட்டையில் இதை யாரும் ஒரு விஷயமாகப் பேசி நான் கேட்டதில்லை. கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியிருக்கிறார்கள், பேச்சுவார்த்தை நடந்திருக்கிறது, கூலி கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஏறியது எல்லோருக்கும் ஒரே அளவில்தான். அதுதான் நியாயம் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அது அநியாயம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கொஞ்ச காலமாக எனக்குள் ஏதோ ஒன்று சரியாக உட்கார மறுக்கிறது. தொழிலில் ஒருவர் தேர்ந்துகொண்டே போவதைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் மனதில் ஒரு ஏணியை வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். எழுத்தர் கண்காணிப்பாளர் ஆவார், உதவி மருத்துவர் தலைமை மருத்துவர் ஆவார், பக்கவாத்தியம் வாசித்தவர் தனிக்கச்சேரி செய்வார். தறியில் ஏணி இல்லை. அதைவிடச் சங்கடம், கூலி மீட்டர் கணக்காக இருப்பதால் இடுப்பு வலிக்காத, கண் மங்காத, ராத்திரி ஷிப்டு நிற்கத் தயங்காத இருபத்தைந்து வயதுக்காரனே அதிகம் சம்பாதிக்கிறான். நாற்பத்தைந்துக்குப் பிறகு வாரக் கூலி இறங்குமுகம். அதே வயதில்தான் தொழில் கைக்கு முழுசாக வந்து சேர்கிறது. ஏறுகிற கோடும் இறங்குகிற கோடும் ஒரே உடம்பில் ஓடுகின்றன. அப்படியானால் அந்தத் தேர்ச்சி எங்கே போய்ச் சேர்கிறது, யார் அதை வைத்துக்கொள்கிறார்கள்?

தேர்ச்சி என்று எதைச் சொல்கிறேன் என்பதைக் காட்டுவது சுலபமில்லை. இந்த ஊரில் தெருவில் நடந்தால் தரை பாதத்துக்குள் அதிரும். வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் இரைச்சல். உள்ளே நிற்பவருக்கு அது பல சத்தங்களின் அடுக்கு. ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா பெட்டியிலிருந்து அடிபட்டுக் கிளம்புவது ஒரு சத்தம், எதிர்ப்பெட்டியில் மோதி நிற்பது இன்னொன்று, அச்சு வந்து ஊடையை நெருக்குவது மூன்றாவது, இவற்றுக்கு அடியில் பெல்ட்டின் முனகலும் பல்சக்கரங்களின் கடகடப்பும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கிறது. ஒரே ஆள் நான்கு தறி பார்த்தால் இந்த அடுக்கு நான்கு மடங்கு, ஒன்றோடொன்று பொருந்தாத தாளங்களில். எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் முதல் தறியில் தார் மாற்றிக்கொண்டிருப்பார், முதுகை மற்ற மூன்றுக்கும் காட்டியிருப்பார். திடீரென்று திரும்பி மூன்றாவது தறியை நிறுத்துவார். எனக்கு எதுவும் மாறியதாகத் தெரிந்திருக்காது. பார்த்தால் நாடாவை அடிக்கும் தோல் பிக்கர் தேய்ந்திருக்கும், நாடா எதிர்ப்பெட்டிக்குள் முழுசாகப் போய்ச் சேராமல் கொஞ்சம் பின்தங்கி நின்றிருக்கும். மோதும் சத்தம் மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நாடா நெடுக்கு நூலான பாவின் நடுவில் மாட்டியிருக்கலாம். மாட்டினால் அச்சு அதைப் பாவோடு சேர்த்து நெருக்கும். அதைத் தடுக்கும் ஏற்பாடு தறியிலேயே உண்டு, தறி பழசானால் அதுவும் பழசு. நூற்றுக்கணக்கான இழைகள் ஒரே அடியில் அறுந்து தொங்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டி, விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் இழுத்து முடிக்க அரை நாள் போகும். "எப்படித் தெரிஞ்சுது பெரியப்பா" என்று கேட்டால், "இன்னான்னு சொல்றது, காதுல படுது" என்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. அதற்குமேல் சொல்வதற்கு அவரிடம் சொல் இல்லை.

என்னைக் குடைவது அந்த அரை நாள். அது நடக்கவில்லை. நடக்காததால் அதற்கு அடையாளமும் இல்லை. துணியில் அது இல்லை, கணக்கு நோட்டில் இல்லை, முதலாளியின் பார்வையில் இல்லை. துணி மடிக்கும் இடத்தில் பிரித்துப் பார்ப்பவர்கள் தேடுவது பழுதை மட்டும்தான். இழை விட்டுப்போன இடம், மிதப்பு, ஊடை மாறி விழுந்த பட்டை, ஓரம் இழுத்துக்கொண்ட பகுதி, இவற்றில் ஒன்று இருந்தால் "டேமேஜ்" என்று கூலியில் பிடிப்பார்கள். இல்லையென்றால் துணி துணி, அவ்வளவுதான். தறியை நிறுத்தி மறுபடி ஓட்டும் இடத்தில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழும். நின்ற நேரத்தில் பாவு இழுவையில் தளர்ந்திருக்கும், முதல் சில அடிகள் முழு வேகத்தில் விழாது, அதனால் ஊடைகள் அந்த இடத்தில் சற்றே கலைந்தோ நெருங்கியோ படுத்துக்கொள்ளும். தேர்ந்தவர்கள் ஓட்டுவதற்கு முன் துணி சுற்றும் சக்கரத்தைக் கையால் ஒரு பல், அரைப் பல் பின்னுக்குத் தள்ளுவார்கள், பாவின் விறைப்பை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள், பிறகு கைப்பிடியை இழுப்பார்கள். எவ்வளவு தள்ளுவது என்பது தறிக்குத் தறி, நூலுக்கு நூல், நின்ற நேரத்துக்கு நேரம் வேறு. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் ஒரு ஷிப்டுக்குள் எத்தனை தடவை தறி நின்றது, எத்தனை தடவை கிளம்பியது! அத்தனை கோடுகள் விழுந்திருக்க வேண்டும். பல கைகளில் விழவில்லை. அந்தத் துணிகள் யார் யார் இடுப்பிலோ கிழிந்து, துடைக்கும் துணியாகி, முடிந்துபோயின. ஒரு நல்ல சிற்பியின் முப்பதாவது வருடம் சிலையில் நின்றுகொண்டிருக்கும். ஒரு நெசவாளியின் முப்பதாவது வருடம் இல்லாத கோடாக இருக்கிறது. இல்லாததை எப்படிச் சுட்டிக்காட்டுவது?

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், நானே என்னிடம் கேட்டிருக்கிறேன். ஒரே துணியை, அதே கட்டத்தை, அதே அகலத்தில் முப்பது வருடம் ஓட்டியது முப்பது வருட அனுபவமா, ஒரு வருடத்தை முப்பது தடவை திரும்பச் செய்ததா? மேலாண்மை வகுப்புகளில் இதை ஒரு கிண்டலாகச் சொல்வார்கள். கேட்டதும் சரி என்று பட்டுவிடும். தறிக்குப் பக்கத்தில் நின்றால் அவ்வளவு சரியாகப் படவில்லை. முதலில், நூல் ஒருபோதும் அதே நூலாக வருவதில்லை. மில் மாறும், பஞ்சு மாறும், கஞ்சி போட்ட இடத்தில் ஆள் மாறியிருப்பான். கஞ்சி கூடினால் இழை விறைத்து முறியும், குறைந்தால் பிசிறு எழுந்து பக்கத்து இழையோடு பின்னிக்கொள்ளும். அடுத்தது காற்று. பருத்தி இழை ஈரத்தில் வலுக்கூடும், காய்ந்தால் உயிர்போன மாதிரி பட்பட்டென்று அறும். கத்திரி வெயிலில் இந்தப் பக்கம் மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்றுக்கு, தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், நனைத்த சாக்கைத் தறிக்கடியில் போடுவார்கள், மேற்குச் சன்னலைச் சாத்துவார்கள். எவ்வளவு தண்ணீர் என்பதற்குக் கணக்கில்லை. பழைய குழித்தறிகளைத் தரையில் பள்ளம் தோண்டி வைத்ததற்கு, காலை உள்ளே விட்டு மிதிக்கும் வசதியோடு, மண்ணின் ஈரம் பாவுக்கு ஏறட்டும் என்பதும் ஒரு காரணம். ஐப்பசி மழையில் நிலைமை தலைகீழ். பாவு தளரும், மரச்சாமான் உப்பும், நாடா பெட்டிக்குள் இறுகும். ஆக, அதே துணி வெளியே வரவேண்டும் என்பதற்காகவே உள்ளே ஒவ்வொரு நாளும் வேறு வேலை செய்யவேண்டியிருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுவதே அவர்கள் வெற்றிகரமாகச் செய்திருக்கிறார்கள் என்பதால்தான்.

ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர் 1993இல் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்விலிருந்துதான் பத்தாயிரம் மணி நேரம் என்ற எண் ஊரெல்லாம் பரவியது. 2008இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய நூல் அதை மந்திரமாக்கியது. எரிக்சனுக்கே அந்த மந்திரம் பிடிக்கவில்லை. மணி நேரம் மட்டும் போதாது, இன்னும் கைவராத ஒன்றைக் குறிவைத்துப் பழக வேண்டும், பிழையைத் திருத்த ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, வருடத்துக்கு முந்நூறு நாள் என்றால் 3,600 மணி. மூன்றாவது வருடம் முடிவதற்குள் பத்தாயிரம் தாண்டிவிடும். அப்படியானால் இருபத்தொரு வயதுப் பையன் பெர்லின் வயலின்காரனுக்குச் சமம், மீதி இருபத்தேழு வருடம் உபரி. நான் பார்த்தவரையில் அப்படி இல்லை. மூன்று வருடத்தில் வருவது வேகம். அறுந்த இழையை ஓடும் தறியிலேயே பிடித்து முடிச்சுப்போடும் விரல் வந்துவிடும். காது வர இன்னும் காலம் பிடிக்கிறது, எல்லோருக்கும் வருவதும் இல்லை. எரிக்சன் கேட்ட திருத்துகிற ஆசிரியர் தறிக்கூடத்தில் கிடையாது. மேஸ்திரி வந்தால் தறியைத் திருத்துவார், ஆளைத் திருத்தமாட்டார். திருத்துவது துணிதான், அதுவும் பழுது விழுந்த பிறகு, கூலியைக் குறைத்து. விலை கொடுத்து வாங்கும் பாடம் என்பதால்தான் ஆழமாகப் பதிகிறதோ என்று ஒரு சமயம் தோன்றும். அந்த விலை இல்லாமலிருந்தால் இன்னும் சீக்கிரம் பதிந்திருக்காதா என்றும் தோன்றும். இரண்டில் எது சரி என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

பக்கத்தில் திருத்தணி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும்போது இந்தப் பகுதித் தறிகள் பலவும் ஓய்ந்திருக்கும். முருகனின் படைவீரர் வழியில் வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் செங்குந்தர்களுக்கு அது சொந்த வீட்டு விசேஷம். அந்தப் படிகளில் நடந்ததாகச் சொல்லும் கதை ஒன்று நமக்கெல்லாம் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் மலைக்கு வருகிறார். கிழவர் ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போடுகிறார். அந்த இனிப்பு கரைவதற்குள் முதல் கீர்த்தனை பிறந்துவிடுகிறது. தேர்ச்சி என்பது தொண்டைக்குள் விழும் வரம் என்று நினைக்க நமக்குள் ஒரு ஆசை இருக்கிறது, அந்த ஆசைக்கு இந்தக் கதை நன்றாகத் தீனி போடுகிறது. கற்கண்டுக்கு முன்னால் நடந்ததை யாரும் அவ்வளவு ருசித்துச் சொல்வதில்லை. ஹம்சத்வனியை உருவாக்கிய ராமசுவாமி தீட்சிதர் வீட்டில் பிள்ளையாகப் பிறந்து கேட்டும் பாடியும் கழித்த வருடங்கள், சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போய் அங்கே தங்கிய காலம், வீணை. இன்னொன்றும் உண்டு. அவர் மலையில் முதலில் பாடியதாகச் சொல்லப்படும் கீர்த்தனை அமைந்திருப்பது மாயாமாளவகௌளையில். பாட்டு கற்கப்போகும் ஒவ்வொரு குழந்தையும் முதல் நாள் சரளி வரிசை பிடிக்கும் அதே ராகம். கதை கட்டியவர்கள் இதை யோசித்துக் கட்டவில்லை என்றே நினைக்கிறேன். எனக்கு இந்தக் கதையின் கற்கண்டைவிட இந்த ராகம் பிடித்திருக்கிறது. தீட்சிதருக்குக் குறைந்தபட்சம் பாட்டு மிஞ்சியது, பாட்டில் குருகுஹ என்று முத்திரையும் மிஞ்சியது. துணியில் முத்திரை வைப்பது வியாபாரிதான்.

குழித்தறியிலிருந்து விசைத்தறிக்கு மாறியபோது தேர்ச்சியில் எது செத்தது, எது பிழைத்தது என்று யாராவது உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். காலும் கையும் ஒன்றையொன்று கேட்டு நகரும் தாளம் போயிற்று. ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழுவதற்காகத் தோள் கற்றுக்கொண்ட அளவு போயிற்று, அதை இரும்பு எடுத்துக்கொண்டது. தெருவில் பாவை நீட்டிக் கட்டி விடியலில் கஞ்சி தடவும்போது விரல் நுனி அறிந்திருந்த பதம், சைசிங் ஆலைக்குப் போனது. பிழைத்தவை முடிச்சும் பாவு பிணைப்பதும். பழைய பாவு தீரும் இடத்தில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும், இரண்டாயிரம், மூவாயிரம் இழைகள். சாம்பலைத் தொட்டு, பழையதன் நுனியையும் புதியதன் நுனியையும் சேர்த்து ஒரு திருகு. எத்தனையோ வீடுகளில் இதைச் செய்வது பெண்கள். பேசிக்கொண்டே செய்வார்கள், விரலைப் பார்க்கமாட்டார்கள். வரிசை ஒன்று தவறினால் கட்டம் முழுதும் தள்ளிப்போகும், தவறுவதில்லை. 2019–20இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 35.22 லட்சம் பேரைக் கண்டது, அதில் 72 சதவீதம் பெண்கள். கைத்தறிக்காவது இப்படி ஒரு தலைக்கணக்கு இருக்கிறது. விசைத்தறிக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பாவு பிணைத்துவிட்டு, சேலையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவர் எந்தக் கணக்கில் வருகிறார்? கேட்டால் "நானு சும்மா எழை போடறேன்" என்பார். அந்தச் சும்மாவில் அடக்கம் கொஞ்சம், உண்மையான நம்பிக்கை நிறைய. தனக்கு ஒரு தொழில் தெரியும் என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது, இதுவரை சுற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். விசைத்தறியில் தேர்ச்சி சேர்கிற இடம் காது என்றேன். விசைத்தறி கெடுக்கிற இடமும் காதுதான். இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் இரைச்சல் 90 டெசிபல். விசைத்தறிக் கூடங்களில் அளந்தவர்கள் அதற்கு மேலேயே கண்டிருக்கிறார்கள், ஷிப்டு பன்னிரண்டு மணி. மின்சாரத்தில் ஓடினாலும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்த வீட்டுத் தறிக்கூடம், 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலையாகவே இருந்ததில்லை என்பது வேறு. இரைச்சலால் கெடும் காது ஒரேயடியாகச் செவிடாவதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டம், உயர்ந்த சுருதிகள். மனிதப் பேச்சில் உயிரெழுத்துகள் கீழே தங்குகின்றன. சகரம், தகரம், ககரம் போன்ற மெய்களின் கூர்மை மேலே இருக்கிறது. அதனால் பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது புரியாது. பெண்குரலும் குழந்தைக்குரலும் முதலில் மங்கும். தறியின் கனத்த அடிகள், நாடா மோதுவதும் அச்சு விழுவதும், தாழ்ந்த சுருதியில் இருப்பதால் கடைசிவரை கேட்டுக்கொண்டிருக்கும். ஆக, ஐம்பத்தைந்து வயதில் ஒருவருக்கு நான்கு தறிகளில் எதன் பிக்கர் தேய்ந்திருக்கிறது என்பது முதுகுப்பக்கமாகத் தெரியும், எதிரே நின்று பேத்தி கேட்பது தெரியாது. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளில் பெண்கள் உதட்டை மிகையாக அசைத்துப் பேசிக்கொள்வதற்கு மீ-மாவிங் என்று பெயரே இருந்தது. தெருவிலும் அப்படியே பேசினார்கள் என்பார்கள். இங்கே அதற்குப் பெயரில்லை. கையை ஆட்டுவார்கள், விரலில் எண்ணிக்கை காட்டுவார்கள், வீட்டுக்குள்ளும் கத்திப் பேசுவார்கள். நெசவாளி வீட்டுப் பிள்ளைகள் சத்தமாகப் பேசுவதை முரட்டுத்தனம் என்று நினைத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். எந்தத் தொழிலும் உடம்பை எடுத்துக்கொள்ளும், தெரிந்ததுதான். ஆனால் கற்றுக்கொண்ட உறுப்பையே கூலிக்கு ஈடாக வாங்கிக்கொள்ளும் தொழிலில், தேர்ச்சி என்பதை வளர்ச்சி என்று சொல்ல என் நாக்கு தயங்குகிறது.

அரசு உதவாமல் இல்லை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசமாக இருந்தது, 2023இல் 1,000 யூனிட் ஆயிற்று, கைத்தறிக்கு 300. தறி சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது, துணிக்கும் மீட்டர் இருக்கிறது. தேர்ச்சிக்கும் ஒரு மீட்டர் வேண்டும் என்று கேட்கலாமா? கேட்டால் முதலில் எதிர்ப்பது நெசவாளிகளாகத்தான் இருக்கும், காரணத்தோடு. அளக்க வருகிறவன் யாருடைய ஆள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே கூலி என்பதால்தான் கூலி உயர்வுக்கு எல்லோரும் ஒன்றாகத் தறியை நிறுத்த முடிகிறது. தேர்ந்தவர் தேராதவர் என்று பிரித்துக் கூலி போட்டால் அந்த ஒற்றுமை எத்தனை நாள் நிற்கும்? அதனால் நான் எந்த யோசனையும் வைத்திருக்கவில்லை. இவ்வளவையும் பெரியப்பாவிடம் சொன்னால் அவர் என்ன சொல்வார் என்பதும் எனக்கு ஓரளவு தெரியும். "காது வெச்சிக்கினு இன்னாடா பண்றது, பசங்க தறிக்கு வராம இருந்தா போதும்."

பசங்கள் வரவில்லை. அவருடைய அக்காள் மகன் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான், ஒப்பந்தத்தில். அங்கே சுவரில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறார்களாம். வரிசையாக ஆட்களின் பெயர், பெயருக்கு எதிரே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்கு நான்கு கால். கற்றுக்கொண்டிருக்கிறான் என்றால் ஒரு கால் கறுப்பு, பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வான் என்றால் இரண்டு, தனியாகச் செய்வான் என்றால் மூன்று, பிறருக்குச் சொல்லித்தருவான் என்றால் முழு வட்டம். இவனுக்கு ஒரு வேலையில் முழு வட்டமும் நிரம்பிவிட்டது, ஒன்றரை வருடத்தில். கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தான். நான் உள்ளூரச் சிரித்தேன், ஒன்றரை வருடத்தில் என்ன முழு வட்டம் என்று. பெரியப்பா படத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"இது நெம்பிட்டா இன்னா பண்ணுவாங்க?"

அவன் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "வேற லைனுக்கு மாத்திடுவாங்க மாமா. மறுபடியும் ஒண்ணுலேர்ந்து."

"சம்பளம்?"

"அதேதான். காண்ட்ராக்ட் முடிஞ்சா பார்க்கலாம்னு சொல்லிக்கீறாங்க."

கேலியாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்து, படம் பெரிதாகிக் குதித்துப்போனதும் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "பரவால்லியே. ஒருத்தன் நின்னு பாத்து எழுதியாவது வெக்கிறானே" என்றார்.